இரும்பு சேராத வேலி

சக்கரக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் இருக்கிறது. கூப்பிட ஆளில்லாமல் அங்கேயே கிடக்கிறது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சின்ன வயதில் அம்மா திட்டியதை, கூடவே வேலைக்கு வந்த தம்பி ஒருநாள் எல்லோர் முன்னாலும் உளறிவைத்தான். அன்றிலிருந்து வேலி போடும் கம்பெனியில் முதலாளியிலிருந்து லாரி டிரைவர்வரை எல்லோருக்கும் அவள் சக்கரக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் அதற்குக் கோபப்பட்டதில்லை. நின்று கோபப்பட நேரம் வேண்டாமா?

பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் நடுவில் உட்காரவைத்தால் அரை மணி நேரத்தில் நுனிக்கு வந்துவிடுவாள். பதினெட்டு வயதில் தையல் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். "நீ தைக்கிற நேரத்தைவிட தண்ணி குடிக்கப் போற நேரம்தான் ஜாஸ்தி" என்று மூன்றாவது வாரமே அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு டிக்கெட் கவுன்டர். நாலுக்கு நாலு கூண்டு. அங்கே பதினோரு நாள் தாங்கினாள். கடைசியில் வேலி போடும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து போய் நின்றாள். வேலி வேலை என்பது பாதிக்குப் பாதி நடை. அளக்க நடை, குழி பார்க்க நடை, கம்பத்துக்குக் கம்பம் நடை. முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கால் வலித்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக இரண்டு காலும் ஒரே இடத்தில் இருந்தன.

கட்டிக்கொண்டதோ நேர் எதிரான ஆளை. அவர் பல் செட் செய்பவர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, மாடியறையில் காலையில் உட்கார்ந்தால் நட்டுவைத்த கல்தான். "ஊர்ப்பட்ட வாய் என் அறையில இருக்கு, ஒண்ணுகூட சத்தம் போடாது. கீழே இறங்கினா ஒரே ஒரு வாய்தான்" என்பார். அவள் சாப்பிடும்போதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பேசிப் பேசிக் கழுத்துச் சுளுக்கே பிடித்திருக்கிறது.

இருபது வருடத்தில் அவள் மேஸ்திரி ஆகிவிட்டாள். பன்னிரண்டு பேர் கொண்ட குழு. அதில் தம்பியும் ஒருவன். நாற்பது வயதுக்காரன், நிதானமானவன், ஒரு வார்த்தை பேசுமுன் அதை வாயிலேயே நாலுதடவை புரட்டிப் பார்ப்பவன்.

ஏழு வருடங்களுக்கு முன் ஊருக்கு வெளியே இருந்த சின்ன விமான நிலையத்துக்கு இந்தக் குழுதான் வேலி போட்டது. தடித்த இரும்பு வலை, அதற்கு மேலே மூன்று வரிசைக் கம்பி. பிரேக் பிடிக்காத லாரி ஒன்று ஒருதடவை அதில் மோதியது, நசுங்கியது லாரிதான். தான் போட்டதிலேயே நல்ல வேலி அது என்று சக்கரக்கா மனதுக்குள் வைத்திருந்தாள். அந்த வேலியைப் பிடுங்க வேண்டும் என்று ஆள் வந்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

வந்தவர் விமான நிலையத்தில் ரேடியோ கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். எல்லோரும் அவரைச் சிக்னல்காரர் என்றார்கள். எதையும் மெதுவாக, முதலிலிருந்து சொல்லும் வழக்கம் அவருக்கு. சக்கரக்கா அவரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கேட்டாள்.

"உங்க வேலியில ஒரு குறையும் இல்லைம்மா. அதுதான் தொல்லையே" என்றார் அவர். "மூடுபனியில விமானம் இறங்க புதுசா ஆன்டெனா வச்சிருக்கோம். அது அனுப்புற ரேடியோ அலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் விமானம் நேரா ஓடுபாதைக்கு வரும். இரும்பு வேலி இருக்கே, அது அந்த அலைக்கு முகம் பார்க்கிற கண்ணாடி. அங்க பட்டுத் திரும்புற அலையும் விமானத்துக்குப் போகுது. எது நிஜம், எது நிழல்னு தெரியாம பைலட் முன்னாடி இருக்கிற கருவியில முள்ளு ஆடுது."

"எவ்வளவு ஆடுது?"

"கொஞ்சம்தான். ஆனா பாதையே கண்ணுக்குத் தெரியாம இறங்கறவனுக்குக் கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது."



புது வேலி இரண்டு லாரிகளில் வந்தது. கண்ணாடி இழையைப் பிசினில் ஊறவைத்து இறுக்கிச் செய்த சாம்பல் நிறச் சட்டங்கள். கம்பம், வலை, நட்டு, போல்ட்டு, கதவுக் கீல்வரை எல்லாம் அதே சாமான். மேல் வரிசைக்குக் கம்பிக்குப் பதில் விரல் தடிமனில் நீளமான இழைத்தண்டுகள். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் போவதுபோல ரேடியோ அலை இதில் போய்விடும், ஆள்தான் போக முடியாது என்றார் சிக்னல்காரர். ஆன்டெனாவைச் சுற்றியுள்ள ஒன்றரை கிலோமீட்டர் வேலியில் இரும்பே இருக்கக் கூடாது. குழியில் போடும் கான்கிரீட்டுக்குள்கூடக் கம்பி கூடாது. முடிந்ததும் மேஸ்திரி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

சக்கரக்கா ஒரு சட்டத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தாள். உடையவில்லை. ஆனால் "டப்" என்று பூசணிக்காயைத் தட்டியதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனாள். கணவர் அதைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, "இது நம்ம சொந்தக்காரன்தான். பல்லு செய்யற பிசினும் இதுவும் பங்காளிங்க" என்றார். "காய்ஞ்சு அறுக்காதீங்க. தண்ணி ஊத்திக்கிட்டே அறுங்க. தூள் மேல பட்டா உயிரை வாங்கிடும்."

அவர் சொன்னது சரிதான். தண்ணீர் ஊற்றி அறுத்தும் அரிப்பு விடவில்லை. கழுத்திலும் மணிக்கட்டிலும் கண்ணுக்குத் தெரியாத முள். பொதுவாகவே நிலைகொள்ளாதவள், இப்போது சொறிந்துகொண்டே நடந்தாள். அரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அந்த வேலியின் மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. இரும்பு வேலி என்றால் காற்று அடிக்கும்போது கம்பி பாடும். எந்தக் கண்ணி தொய்ந்திருக்கிறது, எது இறுக்கம் என்று அவள் காதாலேயே சொல்லிவிடுவாள். இந்த வேலி காற்றை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது. வேலை நன்றாக நடக்கிறதா இல்லையா என்றே தெரியாமல், திருப்தியில்லாமல், பார்த்த கம்பத்தையே மறுபடி மறுபடி போய்ப் பார்த்தாள்.

இதற்கிடையில் சோதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். வேறு ஊரிலிருந்து கருவிகளோடு ஒரு தனி விமானம் வந்து, பத்துப் பன்னிரண்டு தடவை இறங்கி ஏறி, முள் ஆடுகிறதா என்று பார்க்கும். திங்கட்கிழமை காலை பத்து மணி. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை அது வர ஆறு வாரமாகும்.

தேதி தெரிந்ததும் சக்கரக்காவுக்குச் சக்கரம் இரட்டிப்பானது. குழுவைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்தாள். கிழக்கைத் தம்பியிடம் விட்டாள். காலை ஆறு மணிக்குக் கிழக்கு, ஏழு மணிக்கு மேற்கு, மறுபடி கிழக்கு. யாராவது வாயைத் திறந்தால், "கதை அப்புறம், முதல்ல வேலை" என்பாள். சாப்பாட்டு நேரத்திலும் அவள் நிழல் விழுந்தால் ஆட்கள் டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்கள். "அக்கா வருதா, காத்து வருதான்னு தெரியலை. ரெண்டுமே தூசியைக் கிளப்புது" என்றான் ஒருவன். அவள் காதில் விழுந்தது. சிரிக்கக்கூட நிற்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. முழு நீளமும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சிக்னல்காரரிடம் கொடுத்தாள். அவர் கை குலுக்கினார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தார். அவள் மூன்றுதடவை அடுப்பைத் துடைத்தாள். துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"போய்த்தான் பார்த்துட்டு வாயேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நீ இங்க இருந்து நடக்கிறதும் அங்க போய் நடக்கிறதும் ஒண்ணுதான். அங்க நடந்தா எனக்காவது தூக்கம் வரும்."

பஸ் பிடித்துப் போனாள். வாசல் காவலாளி வழிவிட்டார். அன்று நல்ல காற்று. புல் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. மேற்கிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். சத்தமே இல்லாத சாம்பல் வேலி, கம்பத்துக்குக் கம்பம் நேராக ஓடியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் நெஞ்சுக்குள் எலி ஓடுவதுபோல இருந்தது.

கிழக்கு மூலை நெருங்கும்போது அந்த எலி நின்றது. என்னவென்று தெரியாமலே அவள் நடை தளர்ந்தது. தோள் இறங்கியது. இரண்டு மாதத்தில் முதல்தடவையாக மனசு லேசாகி, ஒரு கம்பத்தில் சாய்ந்துகூட நின்றாள். காற்று அடித்தது. தலைக்கு மேலே மெல்லிசாக, இழுத்து, ஒரு பாட்டு. இருபது வருடமாகக் கேட்ட பாட்டு. நல்ல இறுக்கம், கொஞ்சமும் தொய்வில்லை என்று காது சொன்னது.

அப்புறம்தான் உறைத்தது. இங்கே எது பாடும்?

கம்பத்தில் கால் வைத்து ஏறி மேல் வரிசையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. சாவியால் தட்டினாள். "டிங்." நகத்தால் சுரண்டினாள், சாம்பல் பெயின்ட் உதிர்ந்து உள்ளே பளபளவென்று இரும்பு. மூன்று வரிசை, நாற்பது மீட்டர் நீளம். பழைய வேலியில் இருந்து கழற்றிச் சுருட்டிவைத்த கம்பி. நேற்று இதே இடத்தில் நடந்துதான் கையெழுத்துப் போட்டிருந்தாள். நேற்று காற்று இல்லை.

கிழக்குப் பக்கம் தம்பியின் பொறுப்பு. அவன் வீட்டுக்குப் போனாள். அவன் குளியலறைக் குழாயைக் கழற்றிப்போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

"கிழக்கு மூலை" என்றாள்.

"ம்."

"உனக்கு மூளை கெட்டுப்போச்சா? விமானம்டா! அதுல ஆளுங்க வருவாங்க!"

"வியாழக்கிழமை மூலைக்குக் கொண்டுபோய் லாரியிலிருந்து இறக்கறப்போ ஒரு கட்டு விழுந்து உடைஞ்சுபோச்சு. எல்லாத் தண்டும் விரிசல். புதுசு வர அஞ்சாறு நாள் ஆகும்."

"அதை என்கிட்ட சொல்ல வாய் இல்லையா?"

அவன் வழக்கம்போல உடனே பதில் சொல்லவில்லை. கை துடைக்கும் துணியை மடித்தான். அந்த இடைவெளியில் அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இப்பப் பாரு" என்றான். "நான் ஒரு வார்த்தை யோசிக்கறதுக்குள்ள நீ வாசலுக்குப் போயிட்டு வந்துட்டே. அன்னைக்கு மூணுதடவை வந்தேன்க்கா. முதல்தடவை 'அப்புறம்'னே. ரெண்டாவது தடவை நான் பின்னாடியே நடந்துக்கிட்டு வந்தேன், நீ திரும்பவே இல்லை. மூணாவது தடவை எல்லார் முன்னாடியும் என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? 'காரணம் கேக்க எனக்கு நேரமில்லை. என்ன செய்வியோ தெரியாது, முடிச்சிட்டு வா.' முடிச்சேன்."

"அதுக்குன்னு இரும்பையா கட்டுவே?"

"தப்புதான். நான் இல்லைன்னு சொல்லலை. ராத்திரி எனக்கும் தூக்கமில்லை. ஆனா தப்பு எங்க ஆரம்பிச்சதுன்னு நீயும் யோசி."

அவள் யோசித்தாள். மூன்றாவது தடவை ஞாபகமிருந்தது. இரண்டாவது தடவை பின்னால் யாரோ ஓடிவரும் செருப்புச் சத்தம்கூட ஞாபகம் வந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "ஒன்றரை கிலோமீட்டர்ல நாப்பது மீட்டர்க்கா. அது ஒண்ணும் தெரியாமக்கூடப் போகலாம். சோதனை முடியட்டும். தண்டு வந்ததும் நானே சத்தமில்லாம மாத்திடறேன். உன் கையெழுத்து போட்டாச்சு. இப்ப சொன்னா முதல்ல உன் தலைதான் உருளும்."

அவள் தெருவுக்கு வந்தாள். தெருமுனைவரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி முனை. அவன் சொன்னதில் பொய்யில்லை. சோதனையிலேயே முள் ஆடாமல் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆடினால் எப்படியும் தெரியப்போகிறது. ஆனால் சோதனை நாளில் ஆடாமல் இருந்து, வேறொரு நாள், மூடுபனியில், வேறொரு உயரத்தில் ஆடினால்? கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். நாலாவது சுற்றில் போனை எடுத்தாள். நடந்துகொண்டே பேசினால் மனசு மாறிவிடும் என்று பயந்து, யாரோ ஒருவருடைய வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார், என் கையெழுத்து தப்பு" என்று ஆரம்பித்தாள்.

சிக்னல்காரர் வழக்கம்போல நிதானமாக, முதலிலிருந்து கேட்டார். எங்கே, எத்தனை மீட்டர், எவ்வளவு உயரம். அவள் கால் படியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"விமானத்தை நிறுத்தச் சொன்னா ஆறு வாரம் போயிடும்" என்றார் கடைசியில். "இருட்டறதுக்குள்ள அந்தக் கம்பியைக் கழட்ட முடியுமா? மேல் வரிசை இல்லாம இருந்தா பரவாயில்லை. தண்டு வர்ற வரைக்கும் அந்த மூலையில காவலுக்கு ஆள் போடச் சொல்றேன். இரும்பு மட்டும் இருக்கக் கூடாது."

"முடியும் சார்."

"அம்மா, இதை நான் எழுத்துல போட்டாகணும்."

"போடுங்க சார்."

திரும்பிப் பார்த்தாள். தம்பி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். உள்ளே வெட்டுக்கருவி, கையுறை எல்லாம் இருந்தது. பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

கழற்றும்போது வேலைக்குத் தேவையான பேச்சு மட்டும் நடந்தது. "பிடி." "விடு." "தலை, தலை." இறுக்கமாகக் கட்டியிருந்தான், வெட்டியதும் கம்பி பாம்புபோலச் சீறிச் சுருண்டது. ஒரு முனை அவன் புறங்கையைக் கிழித்துவிட்டது. அவள் தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கட்டிவிட்டாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் மூன்று வரிசையும் சுருட்டி வாசலுக்கு வெளியே உருட்டிவிட்டார்கள். சிக்னல்காரரே வந்து, கையில் ஒரு கருவியோடு மூலை முழுக்க நடந்து பார்த்துத் தலையாட்டினார்.

மறுநாள் அந்தச் சின்ன விமானம் பத்து மணிக்கு வந்தது. இறங்குவதுபோலத் தாழ்ந்து வந்து, தரை தொடாமல் மேலேறி, சுற்றி, மறுபடி தாழ்ந்து வந்தது. பன்னிரண்டு தடவை. சக்கரக்காவும் வாகனம் நிறுத்துமிடத்தைப் பன்னிரண்டு தடவைக்கு மேல் சுற்றினாள். மத்தியானம் சிக்னல்காரர் வெளியே வந்து, "முள்ளு கல்லு மாதிரி நிக்குது" என்றார்.

"கம்பி இருந்திருந்தா ஆடியிருக்குமா சார்?"

அவர் யோசித்தார். "ஆடியிருக்கலாம். ஆடாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியலைம்மா."

அந்தத் 'தெரியலை'யோடுதான் அவள் வீட்டுக்குப் போனாள். இன்றைக்கும் அது அவளுக்குத் தெரியாது.

முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தம்பி இரும்பைக் கட்டினான். சொல்ல வந்தவனை மூன்றுதடவை துரத்தியது நான் என்றாள். அவர் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தார். அவளை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி, மூன்று மாதம் சாமான் அறையில் உட்காரவைத்தார். நாற்காலி, மேஜை, ஒரு ஜன்னல், நோட்டு. வருகிற போல்ட்டையும் போகிற போல்ட்டையும் எழுதுவது. தண்டனை என்றால் அதுதான் தண்டனை. "கொலை பண்ணியிருந்தாக்கூட வெளிய நடக்க விட்டிருப்பாங்க" என்று கணவரிடம் புலம்பினாள். அவர் சிரிக்கவில்லை, மாடியறையில் தன் மேஜைக்குப் பக்கத்தில் அவள் நடக்க வசதியாக வாய் அச்சு அலமாரியைச் சுவரோடு தள்ளிவைத்துக் கொடுத்தார்.

தம்பியை முதலாளி போகச் சொல்லவில்லை. அவனே போய்விட்டான். ஊரின் மறுகோடியில் கதவு செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்தான். ஆறாவது நாள் இழைத்தண்டுகள் வந்தபோது வேறு ஆட்கள்தான் மாட்டினார்கள். அவள் சாமான் அறையில் 'தண்டு, ஒரு கட்டு' என்று எழுதி அனுப்பினாள். அனுப்புமுன் எண்ணிப் பார்த்தாள்; பிரித்து ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து மறுபடி கட்டினாள்.

நாலு மாதம் அக்காளும் தம்பியும் பேசவில்லை. அவன் மனைவி மட்டும் அவ்வப்போது போன் பண்ணி, "கை ஆறிடுச்சு அண்ணி, தழும்புதான் இருக்கு" என்பதுபோல ஏதாவது சொல்வாள். சக்கரக்கா மறுபடி வெளிவேலைக்கு வந்துவிட்டாள். மேஸ்திரியாக இல்லை, அளவு எடுக்கிறவளாக. குழி தோண்டுகிறவன் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இப்போது நிற்கிறாள். நிற்பது அவளுக்கு எளிதாக இல்லை. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். சில பேர் வேண்டுமென்றே இழுத்து இழுத்துப் பேசி வேடிக்கை பார்த்தார்கள். அதையும் பொறுத்தாள், ஒரேயொரு தடவை மட்டும் அளவு நாடாவால் ஒருவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஒருநாள் காலை தம்பியே போன் பண்ணினான்.

"அக்கா, ஒரு பெரிய கதவு. ஆறு மீட்டர் அகலம், தள்ளுற கதவு. மருத்துவமனைக்கு. பக்கத்துலேயே ரேடியோ கோபுரம். இரும்பு கூடாதுங்கறாங்க. அந்தப் பிசின் சட்டம் தன் எடையிலேயே நடுவுல தொய்யுமா?"

"தொய்யும். எவ்வளவு தடிமன் குடுக்கறாங்க?"

"இரு, சொல்றேன். முதல்லேருந்து சொல்றேன்."

அவன் முதலிலிருந்து சொன்னான். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், குறுக்கே பேசாமல். நாற்பது நிமிஷம் ஆனது.